பேட்டரிக்குக் காவல் வைத்த மீட்டர்

எழுதி வைத்தால்தான் ஒரு விஷயம் நடந்தது என்று நம்புகிற ஆசாமிகள் சிலர் உண்டு. நானும் அதில் ஒருவன். எங்கள் கொல்கத்தா லேக் கார்டன்ஸ் வீட்டுக்கு முதல் மாம்பழம் எந்தக் கிழமை வந்தது, மழைக்காலத்தில் தெருத் தண்ணீர் எத்தனை படி ஏறியது, பால்காரர் எந்தெந்த நாள் வரவில்லை (காரணத்துடன்) என்பதெல்லாம் வருடவாரியாக நோட்டுப் புத்தகங்களில் இருக்கின்றன. இதுவரை யாரும் கேட்டதில்லை. கேட்டால் பதில் தயார்.

அப்படிப்பட்டவன் இரண்டு வாரம் தினமும் காலையில் ஒரு எண்ணைத் தன் கையாலேயே எழுதி, அது என்ன சொல்கிறது என்று புரியாமல் இருந்தேன். அந்த அவமானத்தைத்தான் இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

எங்கள் காருக்கு அப்போது பத்தொன்பது வயது. ஆவணி மழையில் ஒரு மாலை டாக்குரியா மேம்பாலத்தின் உச்சியில் நின்றுவிட்டது. பின்னால் ஒரு பேருந்து, அதற்குப் பின்னால் பாதி தெற்குக் கொல்கத்தா. என் மனைவி செல்வி வீட்டுக்கு வந்து, தலையைத் துவட்டிவிட்டு, நிதானமாகச் சொன்னாள்.

"இன்னொரு தடவ நின்னுச்சுன்னா வித்துடணும். சரின்னு சொல்லுங்க."

சொன்னேன். அப்போதைக்கு வேறு வழியில்லை. ஆனால் அந்தக் கார் என் தந்தை எனக்குக் கொடுத்ததோ, அதிர்ஷ்டம் கொண்டுவந்ததோ அல்ல; நான் முதன்முதலில் சொந்தமாக வாங்கிய பெரிய பொருள். அதை யாரோ வாங்கிப் பிரித்துப்போட விடுவதாக இல்லை. மறுபடி நிற்காமல் இருக்க வேண்டுமென்றால், நிற்கப்போகிறது என்று முன்கூட்டியே தெரிய வேண்டும். ஆகவே இணையத்தில் ஒரு டிஜிட்டல் மீட்டர் வரவழைத்தேன். தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரியது. எஞ்சின் சூடு ஒரு வரியில், பேட்டரி வோல்ட் ஒரு வரியில், இரண்டும் பச்சை எழுத்தில்.

எங்கள் மெக்கானிக் மொன்டு தா (வங்காள மொழியில் 'தா' என்றால் அண்ணன்) அதைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார். "காடி புரோனோ, மீட்டார் நொதூன்" என்றார். வண்டி பழசு, மீட்டர் புதுசு. இதில் பாராட்டு எங்கே இருக்கிறது என்று தேடிக் கிடைக்காததால், நானே மாட்டுவது என்று முடிவெடுத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. தொடக்கம் காலை ஒன்பது பத்து. முடிவு மாலை நான்கு நாற்பத்தைந்து. நடுவில் சாப்பாட்டுக்கு இருபது நிமிடம், டேஷ்போர்டுக்குள் மாட்டிக்கொண்ட இடது கையை விடுவிக்கப் பதினைந்து நிமிடம். (எண்ணெய் தேய்த்து இழுத்தது என் மகள் மாலினி. "அப்பா, கையையும் ஃபிட் பண்ணிட்டியா?" என்று கேட்டுவிட்டுத்தான் இழுத்தாள்.) எல்லாம் மூடிய பிறகு ஐந்து திருகாணிகள் மிஞ்சின. தயாரித்தவர்கள் தாராள மனதுடன் கூடுதலாகப் போட்டிருப்பார்கள் என்று அவற்றை ஒரு டப்பாவில் போட்டு, மேலே அன்றைய தேதியை எழுதி ஒட்டினேன்.

ஒரே ஓர் இடத்தில் என் மூளையைப் பயன்படுத்தினேன். மீட்டரோடு வந்த தாளில், சிவப்பு வயரைச் சாவி போட்டால் மட்டும் மின்சாரம் வரும் இடத்தில் கொடுக்கச் சொல்லியிருந்தது. அப்படிக் கொடுத்தால் சாவியை எடுத்ததும் மீட்டர் தூங்கிவிடும். காலை ஆறு மணிக்கு, பல்கூடத் துலக்காமல், ஜன்னல் வழியாகவே எட்டிப் பார்த்து வோல்ட் குறித்துக்கொள்ள முடியாதே? எனவே நேரே பேட்டரியில் கொடுத்தேன். மீட்டர் இரவும் பகலும் கண் கொட்டாமல் எரிந்தது. என் ஆனந்தத்துக்கு அளவில்லை.

ஊருக்கே நோட்டீஸ் ஒட்டுகிற மாதிரி குடும்பத்தைக் கூப்பிட்டுக் காட்டினேன். துர்கா பூஜை பார்க்கத் திருநெல்வேலியிலிருந்து வந்திருந்த செல்வியின் அக்கா பார்வதி குனிந்து பார்த்தார்.

"எப்பவும் எரிஞ்சுக்கிட்டேதான் இருக்குமா தம்பி?"

"எப்பவும்."

"அதுக்குக் கரண்டு எங்கேருந்து வருது?"

நல்ல கேள்வி என்று பாராட்டி, மின்கலத்தின் வரலாற்றிலிருந்து ஆரம்பித்துப் பத்து நிமிடம் விளக்கினேன். அவர் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

ஞாயிறு 12.6. திங்கள் 12.5. செவ்வாய் 12.4. நான் அலுவலகத்துக்கு மெட்ரோவில் போகிறவன். தெருவில் பந்தல் மூங்கில்கள் வேறு முளைத்துவிட்டதால் கார் வெளியே போகவே இல்லை. எண் தினமும் ஒரு புள்ளி இறங்கியது. நான் பதறினேனா? இல்லை. ஒரு பேட்டரி கண்ணெதிரே கிழடாவதைப் பதிவு செய்யும் பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்? கிராஃப் தாள் வாங்கி வந்து வரைபடம் போட்டேன். கோடு அளவுகோல் வைத்த மாதிரி நேராக இறங்கியது. அதன் அழகில் மயங்கி அலமாரிக் கதவில் ஒட்டினேன்.

பதினோராம் நாள் பஞ்சமி. காலை 11.6. மாலை ஐந்தரைக்கு, ஊர்ப் பந்தல்களைப் பார்க்க, செல்வி, அவள் அக்கா, மாலினி மூவரும் பட்டுப்புடவையில் ஏறி உட்கார்ந்தார்கள். சாவியைத் திருப்பினேன். 'டக்' என்றது. மறுபடி திருப்பினேன். அந்த 'டக்'கும் இல்லை. மீட்டர் மட்டும் பச்சையாகச் சிரித்தது.

"பதினொன்று புள்ளி நான்கு" என்று வாசித்தேன். யாராவது ஏதாவது சொல்ல வேண்டுமே.

"காலைலயே பாத்தீங்கல்ல?" என்றாள் செல்வி.

"பார்த்தேன். அப்போது பதினொன்று ஆறு."

"தெரிஞ்சும் எங்களை ஏத்தி உக்கார வெச்சீங்களா?"

பதில் சொல்வதற்குள் தெருவில் பந்தல் போடும் கிளப் பையன்கள் வந்துவிட்டார்கள். எங்கள் பாடாவில், அதாவது பேட்டையில், ஒரு கார் நின்றால் தள்ளுவதற்கு நாலு பேரும் யோசனை சொல்வதற்குப் பதினாலு பேரும் வருவார்கள். யோசனைக்காரர்களின் பேச்சைக் கேட்டு, பந்தல் இருக்கும் பக்கமாகத் தள்ளினார்கள். பந்தல் வாசலுக்கு நேர் எதிரே, சீரியல் விளக்குத் தோரணத்தின் கீழே, வண்டி ஒரேயடியாக நின்றது. பின்னால் கூட்டம், முன்னால் கூட்டம், அசைய வழியில்லை. அப்போதுதான் வந்திறங்கிய டாக்கி, அதாவது பூஜை மேளக்காரர், ஒருவர் உற்சாகத்தில் மேளத்தை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார்.

அந்த வருடம் எங்கள் பந்தலின் தீம் 'பழைய கொல்கத்தா'.

வரிசையில் நின்றவர்கள் சந்தேகமே படவில்லை. பழைய கார், உள்ளே பட்டுப்புடவைக் குடும்பம், ஸ்டியரிங்கைப் பிடித்தபடி விறைத்துப்போன ஒரு மனிதர். என்ன தத்ரூபம் என்று போட்டோ எடுக்க ஆரம்பித்தார்கள். ஒரு பெண்மணி பானட்டில் கை ஊன்றி நின்றார். இன்னொருவர் என்னைப் பார்த்துக் கொஞ்சம் சிரிக்கும்படி வங்காள மொழியில் கேட்டுக்கொண்டார். பார்வதி அக்கா கையசைத்தார். மாலினி புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். கூட்டம் விலகி, அதே பையன்கள் வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு போகும் வரை, பந்தல் காட்சிப் பொருளாக நாங்கள் இருந்தது முப்பத்தெட்டு நிமிடம். (குறித்திருக்கிறேன்.)

அன்றே தீர்ப்பு வந்தது. பழைய வண்டிகளை வாங்கிப் பிரிக்கிற வியாபாரி ஒருவருக்கு செல்வியே போன் செய்தாள். விஜயதசமி, காலை பதினோரு மணி. நல்ல நாள் என்றாள்.

சஷ்டியன்று மொன்டு தா பேட்டரியைக் கழற்றிக்கொண்டுபோய்ச் சார்ஜ் ஏற்றிக் கொண்டுவந்து மாட்டினார். டைனமோ போச்சு, பேட்டரியும் போச்சு, இரண்டையும் மாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டு, தசமி கழிந்து வரும் லட்சுமி பூஜை வரை கடையைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார். மாலை 12.6. சப்தமி காலை 12.5. அஷ்டமி 12.4. அதே நேர்கோடு. அதையும் வரைந்தேன்.

நவமியன்று எங்கள் வீட்டில் ஆயுத பூஜை. புத்தகங்கள், பேனாக்கள், ஸ்குரூ டிரைவர்கள், மாலினியின் லேப்டாப் எல்லாவற்றையும் பலகையில் வைத்துப் பட்டுத்துணி போட்டு மூடுவோம். மறுநாள் பூஜை முடிகிற வரை எழுதக்கூடாது, படிக்கக்கூடாது. என் நோட்டுப் புத்தகமும் துணிக்குள் போய்விடும். வருடத்தில் என் பதிவேட்டில் காலியாக இருக்கும் ஒரே பக்கம் அது. காலையில் 12.3 என்று மனதில் மட்டும் குறித்துக்கொண்டு, இந்த வீட்டின் ஆகப் புதிய ஆயுதம் இதுதானே என்று மீட்டரின் பின்னாலிருந்த பிளக்கைப் பிடுங்கி, அதையும் கொண்டுபோய் வைத்தேன். செல்வி பார்த்தாள். வியாபாரிக்குக் கொடுக்கும் முன் கடைசியாகப் பொட்டு வைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டாள் போலிருக்கிறது.

விஜயதசமி. பூஜை முடிந்து, துணியை எடுத்து, நெற்றியில் குங்குமத்தோடு இருந்த மீட்டரைக் காரில் பொருத்தினேன். மணி ஒன்பது ஐம்பது. 12.3.

நேற்று 12.3. இன்றும் 12.3.

முதலில் சரஸ்வதியின் கருணை என்று நினைத்தேன். கன்னத்தில் போட்டுக்கொள்ளவும் செய்தேன். பிறகு நோட்டைப் புரட்டினேன். இரண்டு வாரத்தில் எண் இறங்காத நாள் அது ஒன்றுதான். அந்த ஒரு நாள் மட்டும் காரில் என்ன இல்லை? காலிப் பக்கத்தையும் டேஷ்போர்டில் இருந்த மீட்டரையும் மாறிமாறிப் பார்த்தேன். மீட்டர் பச்சையாக என்னைப் பார்த்தது. பேட்டரியைத் தின்றது டைனமோவின் முதுமை அல்ல, பேட்டரியின் முதுமையும் அல்ல. பேட்டரி குறைகிறதா என்று இருபத்துநாலு மணி நேரமும் கண்காணித்த அந்தக் காவல்காரன்தான்.

டேஷ்போர்டைப் பிரித்துச் சிவப்பு வயரைத் தாளில் சொன்ன இடத்துக்கு மாற்றினேன். இந்தத் தடவை கை மாட்டவில்லை. முடித்து நிமிர்ந்தபோது வியாபாரி கேட்டருகே நின்றார், கையில் கயிறு. கட்டி இழுத்துப் போகும் எண்ணம். செல்வியும் வந்துவிட்டாள். சாவியைத் திருப்பினேன்.

முதல் திருகலிலேயே கிளம்பியது. தெருநாய் எழுந்து ஓடும் அளவுக்கு ஆக்சிலரேட்டரை மிதித்தேன், தேவையில்லைதான்.

நோட்டுப் புத்தகத்தோடு இறங்கி, வியாபாரி உட்பட அனைவருக்கும் வழக்கை விளக்கினேன். தேதி, வோல்ட், காலிப் பக்கம், குற்றவாளி. வாழ்க்கையில் முதன்முறையாக என் நோட்டைக் கடைசிவரை கேட்டார்கள். பார்வதி அக்கா மட்டும், நான் அன்னைக்கே கேட்டேனே என்று தன் தங்கையிடம் மெதுவாகச் சொன்னது காதில் விழுந்தது.

செல்வி யோசித்தாள். "சரி, திருடனப் பிடிச்சிட்டீங்க. உள்ள கூட்டிட்டு வந்து படுக்க வெச்சது யாரு?"

இந்தக் கேள்வியை நோட்டில் குறிக்கவில்லை. ஆனால் வண்டியை விற்கவும் இல்லை. வெறுங்கையோடு அனுப்ப வேண்டாமென்று செல்வி வியாபாரிக்குப் பழைய பிரஷர் குக்கர் ஒன்றைக் கொடுத்தாள். லட்சுமி பூஜை கழிந்து கடை திறந்த மொன்டு தா முழுக் கதையையும் கேட்டு, இரண்டே நாளில் அதைத் தன்னுடைய கண்டுபிடிப்பாக ஆக்கிக்கொண்டார். இப்போது எந்தக் கார் வந்தாலும், புதிதாக எதையாவது ஒட்டியிருக்கிறீர்களா என்றுதான் முதலில் கேட்கிறாராம்.

கார் இன்றும் ஓடுகிறது. சாவியை எடுத்தால் மீட்டர் தூங்கிவிடுகிறது. ஆனால் ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் மாலினி ஒரே வசனத்தைச் சொல்கிறாள்: "அப்பாவையும் ஒரு நாள் கழட்டி வெச்சிடலாம்மா, வீட்டு சார்ஜ் இறங்காம இருக்கும்." போன வருடம் சும்மா சொல்லவில்லை. எனக்குச் சந்தனம் குங்குமம் இட்டு, ஸ்குரூ டிரைவர்களுக்கும் லேப்டாப்புக்கும் நடுவில் உட்கார வைத்துவிட்டாள். செல்வி கற்பூரம் காட்டினாள். எத்தனை நிமிடம் உட்கார்ந்திருந்தேன் என்று குறிக்க முடியவில்லை. நோட்டு பக்கத்திலேயே, துணிக்கடியில் இருந்தது.