சுளகில் ஒரு கல்

அன்று காலையில் நான் ஒரு பெரிய முடிவெடுத்தேன். நேசராணி என்ன வரைந்து வந்தாலும் புகழ்வது. உயிரே போனாலும் குறை சொல்வதில்லை.

காரணம் உண்டு. என் மனைவி நேசராணி தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறாள். சனிக்கிழமை பின்னேரங்களில் ஹாலிஎல சர்ச் மண்டபத்தில் தண்ணி வர்ணப் படம் பழகுகிறாள். போன வாரம் தண்ணி கொதிக்கவைக்கும் கேத்தலை வரைந்து வந்தாள். "ஆமை நல்லா இருக்கு" என்றேன். அதிலிருந்து வீட்டில் பேச்சில்லை. தேத்தண்ணி மட்டும் வந்தது, சீனி இல்லாமல்.

இன்னொன்றையும் உங்களிடம் மட்டும் சொல்லிவிடுகிறேன். பென்ஷன் எடுத்த நாளிலிருந்து எனக்குக் கண் மங்கல். சரியாகச் சொன்னால், அரிசியில் கல் பொறுக்கச் சொல்லும்போது மட்டும் மங்கல். அவள் கொழுந்தெடுக்க மலைக்குப் போனபிறகு பேப்பரில் மரண அறிவித்தல்வரை படித்து முடிப்பேன். இந்த ரகசியத்தால்தான் என் காலம் நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்தது.

அன்று பின்னேரம் அவள் ஒரு தாளை என்முன் வைத்தாள்.

சுளகு. அரிசி புடைக்கும் எங்கள் வீட்டுச் சுளகேதான்! ஓரம் பிய்ந்து நான் கம்பி போட்டுக் கட்டிய இடம், நடுவில் பரப்பிய சிவப்பரிசி, எல்லாம் இருந்தது. எனக்குப் பொய் சொல்லவே வேண்டி வரவில்லை. முப்பது வருடம் கூடவே இருந்தும் இந்தக் கைக்குள் இது இருந்தது எனக்குத் தெரியாமல் போயிற்றே என்று வெட்கமாக இருந்தது.

"நேசம், நெசமா நீதான் வரைஞ்சியா?"

"பின்ன, பக்கத்து லயத்து ரெங்கம்மாவா?"

"அடேயப்பா! அரிசி ஒவ்வொண்ணும் தனித்தனியா தெரியுது!"

"சும்மா சொல்லாதீங்க. உங்களுக்குத்தான் கண்ணே தெரியாதே. கேத்தல் ஆமையாத் தெரிஞ்ச ஆளு."

எனக்கு ரோசம் வந்துவிட்டது. கலையை ரசிக்கத் தெரியாதவனா இந்த யேசுரத்தினம்?

"யாருக்குத் தெரியாது? இந்தா, கம்பி மூணு சுத்து. இந்தா, ஓரத்துல ரெண்டு உமி. இந்த அரிசிக்கு அடியில பாரு, கடுகளவு கல்லு! அதுக்கு நெழலுகூட விழுந்திருக்கு!"

நேசராணி சிரிக்கவில்லை. செபத்துக்கு நிற்பவளைப்போல் கைகளைக் கட்டிக்கொண்டாள்.

"படம் சொல்லிக் குடுக்குற சாருக்கே அந்தக் கல்லு தெரியலீங்க. நான்தான் தொட்டுக் காட்டினேன்."

"பாத்தியா! நமக்கு ஒடனே தெரிஞ்சிருச்சு!"

"ஆமாங்க. உங்களுக்காகத்தான் அத வச்சேன்."

உள்ளே போனாள். மூன்று கொத்து அரிசியோடு நிஜச் சுளகைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள்.

"கலையப் பாத்தது போதும்ங்க. இனி கல்லப் பாருங்க."