தீயணைப்பானுக்கு மாலை போட்ட கதை

என்னைப் பொறாமைக்காரன் என்று யாராவது சொன்னால் கோபமே வராது. இவ்வளவு தாமதமாகத்தான் தெரிந்ததா என்று கேட்பேன்.

தாம்பரம் பக்கம் ஒரு தொழிற்பயிற்சிப் பள்ளியில் பணியிடப் பாதுகாப்பு நடத்துகிறேன். (பசங்க தூங்குவதற்கென்றே ஒதுக்கிய பீரியட்.) பக்கத்து ஷெட்டில் ஜெனிஃபர் மேடம் வெல்டிங் சொல்லிக்கொடுப்பார். அங்கே ஒருத்தனும் கொட்டாவி விடமாட்டான். அந்த வருடம் எங்கள் இருவரில் ஒருவர் தலைமைப் பயிற்றுநர் ஆவார் என்று பேச்சு. எனக்கு வயிறு எரிந்தது.

ஆயுத பூஜையன்று பசங்க மேடத்தின் வெல்டிங் மெஷினுக்குப் பெரிய சாமந்தி மாலை போட்டார்கள். மேடமோ சர்ச்சுக்குப் போகிறவர், மாலையே கேட்கவில்லை. என் தீயணைப்பானுக்கு ஒரு பொட்டுகூட இல்லை. விடுவேனா? மார்க்கெட்டுக்கு ஓடி, அதைவிட ஒரு முழம் நீளமாக வாங்கிவந்தேன். சிவப்பு சிலிண்டரில் மாலை நிற்காமல் வழுக்கியது. கட்டுக்கம்பியால் நாலு சுற்றுச் சுற்றி முறுக்கினேன். (மேலே கைப்பிடியைப் பூட்டும் பின்னையும் சேர்த்து.)

நாலாம் நாள் ஆய்வுக்கு அதிகாரி வந்தார். அதற்குள் மேடத்தின் மாலையைப் பெருக்கித் தள்ளியிருந்தார்கள். என்னுடையதைக் கழற்ற எனக்கு மனம் வரவில்லை.

அவர் முன்னால் செய்துகாட்ட, தட்டில் டீசலைக் கொளுத்திவிட்டு, "முதல்ல பின்னை இழுக்கணும்" என்று முழங்கினேன். இழுத்தேன். சாமந்திதான் உதிர்ந்தது. காலை ஊன்றி இழுத்தேன். மேலும் உதிர்ந்தது.

"இன்னா சார், அர்ச்சனையா?" என்றது பின்வரிசை.

"தள்ளுங்க சார்" என்று வந்த மேடம், ஒரே வாளி மணலில் தீயை அமுக்கிவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டார்.

அதிகாரி பசங்க பக்கம் திரும்பினார். "தீயணைப்பான் விஷயத்துல முதல் விதி என்னப்பா?"

எப்போதும் தூங்கும் கார்த்தி எழுந்தான். "அதும் மேல எதையும் மாட்டக்கூடாது, கட்டக்கூடாது சார். சாருதான் சொல்லிக்கீறாரு."

என் பாடத்தை ஒருவன் கவனித்திருக்கிறான் என்று அன்றுதான் தெரிந்தது. பாவி, வேறு நாளில் கவனித்திருக்கலாம்.

மேடம்தான் இப்போது தலைமைப் பயிற்றுநர். எனக்கு இன்னும் எரிகிறது, மறைப்பானேன். போதாததற்கு என் மனைவியிடமும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

எங்கள் வீட்டுக்கு கேஸ் வரும்போதெல்லாம் சமையலறையிலிருந்து குரல் வரும்.

"ஏங்க, சிலிண்டர் வந்திருக்கு. உள்ள எடுத்து வெச்சா போதும், மாலை கீலை போட்டுடாதீங்க."