ஸ்டோலிப்பினும் எங்கள் கத்தரிப்பாத்தியும்

ஸ்காபரோ,
1996 யூன் 5, புதன்

பெருமதிப்புக்குரிய மைத்துனர் இராசரத்தினம் அவர்களுக்கு,

நானும் உங்கள் தங்கை பாலேஸ்வரியும் உடம்பளவில் சுகம். உங்கள் மனைவி குணவதியின் முழங்கால் இப்போது படியேற விடுகிறதா? தொலைபேசியில் சொல்லக்கூடியதை ஏன் எழுதுகிறேன் என்று யோசிப்பீர்கள். தொலைபேசி குசினி வாசலில் இருக்கிறது. குசினிக்குள் உங்கள் தங்கை சமைத்துக்கொண்டிருக்கிறார்.

விஷயத்தை ஒழுங்காகச் சொல்ல முயல்கிறேன். எங்கள் கட்டடத்துக்குப் பின்னால் உள்ள காணியில் முதியோர் சங்கத்தார் தோட்டம் செய்வது உங்களுக்குத் தெரியும். ஒவ்வொரு குடும்பத்துக்கும் வெயிலில் ஒரு பாத்தி, அரை வெயிலில் ஒன்று, கட்டட நிழலில் ஒன்று. வருடாவருடம் சீட்டுக் குலுக்கி மாற்றிக்கொள்வோம். எல்லாருக்கும் எல்லாரோடும் சண்டைதான், ஆனால் சமமான சண்டை. பழைய ரஷ்யக் கிராமங்களிலும் காணியை இப்படித்தான் துண்டுதுண்டாகப் பகிர்ந்து, காலத்துக்குக் காலம் மாற்றினார்கள் என்று, சரித்திரம் படிப்பித்த கெட்ட பழக்கத்தில், சங்கத் தலைவர் குலசிங்கத்தாரிடம் சொல்லிவிட்டேன். அதை மாதக் கூட்டத்தில் பேசச் சொன்னார். மறுக்கத் தைரியம் வரவில்லை. சார் மன்னரின் பிரதம மந்திரி ஸ்டோலிப்பினைப் பற்றிப் பரீட்சை விடை போலக் காரணங்கள், நடவடிக்கைகள், விளைவுகள் என்று பிரித்துக்கொண்டு போனேன். குடியானவன் கிராமக் கூட்டுடைமையிலிருந்து விலகித் தன் துண்டுகளை ஒரே காணியாக்கிச் சொந்தமாக்கலாம் என்று சட்டம் வந்தது. குழப்பக்காரர் என்று பிடிபட்டவர்களை அவசர இராணுவ நீதிமன்றங்கள் இரண்டொரு நாளில் விசாரித்துத் தூக்கில் போட்டன. எதிர்க்கட்சிக்காரர் ஒருவர் அந்தக் கயிற்றை மந்திரியின் கழுத்துப்பட்டி என்றார். இந்த இடத்தில் குலசிங்கத்தார் தம் கழுத்துப்பட்டியைச் சரிசெய்துகொண்டார். விளைவுகளுக்கு நான் வருமுன் வடை வந்துவிட்டது.

"மாஸ்டர், உந்த ஆள் வலு கெட்டிக்காரன்," என்றார் குலசிங்கத்தார். "காணியும் குடுத்திருக்கிறான், வாயையும் அடைச்சிருக்கிறான். எங்கட சங்கத்துக்கு உதுதான் தேவை."

"அதிலை சில பாதகங்களும்..."

"பாதகங்களைப் பிறகு பாப்பம். சட்னியைப் போடுங்கோ."

அடுத்த கிழமை அறிவித்தல் ஒட்டினார்கள். விரும்பியவர்கள் பாத்திகளை ஒன்றாக்கி நிரந்தரமாக வைத்திருக்கலாம். விருப்பம் தெரிவிக்கும் கடைசி நேரம், அறிவித்தல் ஒட்டிய அன்று மத்தியானம். வெயில் பக்கம் முழுவதும் குலசிங்கத்தாருக்கும் நண்பர்களுக்கும் போய்விட்டது; மற்றவர்களுக்கும் எங்கள் கத்தரிக்கும் குப்பைத்தொட்டி நிழல். ஒழுங்கைக் காக்க மூவர் குழு ஒன்றும் அமைத்தார்கள்: தலைவர், அவர் சொல்லுக்கெல்லாம் தலையாட்டும் வின்சன்ற், மூன்றாவதாக, 'படிச்ச மனுசன்' என்று நான். மன்னார்க்காரி மக்டலீன் அக்கா தலைவரை வழிமறித்து, "நிழலுக்கை மிளகாய் காய்க்குமே? காய்ச்சால் முதல் காய் உங்களுக்குத்தான், பச்சையாய்க் கடிச்சுக் காட்டுங்கோ," என்று கேட்டார். அன்று மாலை விசாரணை. மறுநாள் காலை அவருடைய கன்றுகளைப் பிடுங்கிப் போட்டார்கள். தீர்ப்பில் நானும் கையெழுத்திட்டேன். கீழே 'தயக்கத்துடன்' என்று எழுதினேன். எழுத்துச் சிறியதாகையால் ஒருவரும் காணவில்லை.

உங்கள் தங்கை கண்டார். கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு கீழே போய், தலைவரின் எல்லைக் கயிறுகளையெல்லாம் வெட்டி, வாடிக் கிடந்த மிளகாய்க் கன்றுகளைத் தலைவரின் வெயில் பாத்தியிலேயே நட்டுத் தண்ணீரும் ஊற்றிவிட்டு வந்தார். பட்டப்பகலில், மைத்துனர், சனம் எல்லாம் பார்க்க! ஞாயிற்றுக்கிழமை விசாரணை. குற்றவாளி என்றால் சங்கத்திலிருந்தே நீக்கம். சங்க மண்டபத்தையும் தோட்டத்தையும் விட்டால் இந்த ஊரில் அவருக்கு வேறு போக்கிடம் இல்லை. நீதிபதிகளில் ஒருவன் நான்.

நேற்றுக் குலசிங்கத்தார் வாசலில் நின்றபடியே, "மாஸ்டர், சட்டம் எல்லாருக்கும் ஒண்டுதான். நீங்கள் பின்னடிச்சால் சனம் உங்களையும் குழப்பக்காரர் எண்டு நினைக்கும். பிறகு என்னாலை ஒண்டும் செய்யேலாது," என்றார். குரலில் அன்பு இருந்தது. அதுதான் பயமாக இருந்தது. உங்கள் தங்கையோ சோற்றைப் போட்டுக்கொண்டே, "நீதவான் ஐயா, கத்தரிக்காய்க் குழம்பு வடிவாய்ச் சாப்பிடுங்கோ. ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு கடைக் கத்தரிக்காய்தான்," என்கிறார். நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருக்கிறேன்.

ஆகவே என் பணிவான வேண்டுகோள்: சனிக்கிழமை காரோடு வந்து, குணவதிக்கு முழங்கால் மோசம் என்று சொல்லித் தங்கையை மிசிசாகாவிலுள்ள உங்கள் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். ஆள் இல்லையென்றால் விசாரணை தள்ளிப்போகும். அவரைக் குற்றவாளி என்று நானும் கையைத் தூக்க வேண்டியிராது. இது கோழைத்தனமா என்று பலமுறை யோசித்தேன். ஆம் என்றுதான் தோன்றுகிறது. தயவுசெய்து வாருங்கள்.

நல்லூர்க் கந்தன் உங்கள் வீட்டையும் காரையும் காக்கட்டும்.

பயத்துடனும் அன்புடனும்,
அ. தில்லையம்பலம்

பி.கு.: சனிக்கிழமை வரவேண்டாம். இந்தக் கடிதத்துக்கு முத்திரை வாங்கித் திரும்புகையில் சங்கத்தார் மண்டப வாசலில் பிடித்துவிட்டார்கள். உங்கள் தங்கையை ஏற்கெனவே உள்ளே கூப்பிட்டு இருத்தியிருந்தார்கள். விசாரணையை இன்றைக்கே முடிப்பதாம். தலைவர் கையைத் தூக்கினார், வின்சன்ற் தூக்கினார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். உங்கள் தங்கை மட்டும் பார்க்கவில்லை. என் கை மடியிலேயே கிடந்தது. "மாஸ்டருக்குக் கை ஏலாதோ?" என்று வின்சன்ற் கேட்டார். "கை நல்லாத்தான் இருக்கு," என்றேன். அவ்வளவுதான் பேசினேன். உங்கள் தங்கையை நீக்கிய கையோடு என்னையும் விசாரித்தார்கள்; மூன்றாம் ஆள் இல்லாதபடியால் வின்சன்ற் இரண்டு கையையும் தூக்கினார். அந்த ரஷ்ய மந்திரி காணி போதாதவர்களைச் சைபீரியாவுக்கு ரயிலேற்றிக் குடியேற்றினார் என்பதைப் பேச்சில் சொல்ல மறந்துவிட்டேன். நாளைக் காலை உங்கள் வீட்டுக்குப் பஸ்ஸில் வருகிறோம், மக்டலீன் அக்காவும் வாளிகளில் கன்றுகளுமாக. முத்திரை வாங்கிவிட்டதால் கடிதத்தை அனுப்புகிறேன். இது கிடைக்கும்போது உங்கள் பின்வளவுப் புல்லில் பாதியைப் பாத்தியாகக் கொத்தியிருப்போம்.