எங்கள் தெருவில் ஒருவருக்கும் இருமல் இல்லை

தென்காசி,
ஜூலை 1961

சிரஞ்சீவி தம்பி நமசிவாயத்துக்கு அக்காள் வடிவாம்பாள் மனமார ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே நானும் மகள் முத்துவடிவும் சௌக்கியம். உன் வீட்டிலும் அப்படியே இருக்கக் கடவது. சௌக்கியம் என்று எழுதியது கடித மரியாதைக்காக, நம்பிவிடாதே. அப்படி நம்பித்தான் சர்க்கார் எங்கள் தலையில் கல்லைப் போட்டுவிட்டது.

நீ சென்னையில் சுகாதார இலாகாவில் உட்கார்ந்திருப்பதால் உனக்கு எழுதுகிறேன். சென்ற ஐப்பசியில், தேசத்தின் ஆரோக்கியத்தைக் கணக்கெடுக்க, குடையும் பையுமாக ஒருவர் எங்கள் தெருவுக்கு வந்தார். சர்வே என்று வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். "வீட்டு விவரம் கொஞ்சம் கேக்கணும் ஆச்சி" என்றார். நம் பக்கத்தில் பெண் கேட்குமுன் மாப்பிள்ளை வீட்டார் முகந்தெரியாத ஆளை அனுப்பி இப்படித்தான் துப்பு விசாரிப்பார்கள் என்பது உனக்குத் தெரியாததா? அவர் கேட்டதும் அதே கேள்விகள். "யாருக்கும் இருமல் உண்டா? சளியில ரத்தம்? சித்தப்பிரமை?" கல்யாணத்துக்குப் பெண்ணை வைத்துக்கொண்டு எவள் உண்டு என்பாள்? பொய் சொல்லக் கூடாது என்று கான்வென்டில் முழங்கால் போட வைத்துக் கற்பித்திருக்கிறார்கள் எனக்கு. ஆகவே நான் பொய் சொல்லவில்லை. "எங்களப் பாத்தா நோயாளி மாதிரியா இருக்கு?" என்று திருப்பிக் கேட்டேன். உள்ளே முத்துவடிவு இருமலை அடக்க முந்தானையை வாயில் திணித்துக்கொண்டிருந்தாள். எதிர்வீட்டுப் பிச்சம்மாள், வாதத்தில் விழுந்து கிடக்கும் மாமனாரைக் காட்டி, "மத்தியானத் தூக்கம், தூங்குதாவ" என்றாள். கோடி வீட்டு வல்லிநாயகம் பிள்ளை, தமக்கு ஆஸ்துமா இல்லை என்று நிரூபிக்க அவர் கண்ணெதிரே விறகு பிளந்து காட்டினார். வந்தவர் தெருவைத் தாண்டியதும், மூச்சுத் திணறி விழுந்த வல்லிநாயகம் பிள்ளையைத் தண்ணீர் தெளித்து எழுப்பினோம்.

இப்போது அந்தக் கணக்கை வைத்து வைத்தியத்தைச் சீர்திருத்துகிறார்களாம். நோயில்லாத ஊருக்கு மருந்து எதற்கு என்று, முத்துவடிவுக்கு ஊசி போட்டு வந்த டி.பி. கிளினிக்கைக் கடையநல்லூருக்கு மாற்றிவிட்டார்கள். அங்கிருந்து நமக்குத் தறிச்சேலை கொண்டுவரும் ரஹ்மத்துன்னிசா சொல்கிறாள்: "நாங்க ஒண்ணு விடாமச் சொன்னோம்லா ஆச்சி. இருமுதவங்கள வாசல்ல உக்கார வச்சு இருமியே காட்டச் சொன்னோம். நீங்களும் ரெண்டு இருமு இருமியிருக்கலாம்லா?" எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருந்தது.

பஸ்ஸில் கூட்டிப் போகலாம்தான். "ஏட்டி, ஆச்சி மகளக் கூட்டிக்கிட்டு ஓயாம எங்கன போறா?" என்று பஸ் நிற்கும் இடமே கேட்கும். ஊசி நின்றதிலிருந்து பெண் உருகிப் போனாள். மணிக்கட்டில் நின்ற வளையல் முழங்கை வரை ஏறுகிறது. சாயங்காலமானால் காய்ச்சல். குற்றாலத்தில் சாரல் விழுந்து ஊரே குளிக்கப் போகிறது. நான் ஜன்னலைச் சாத்திவிட்டு அவள் மூச்சைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு இருப்பவள் இவள் ஒருத்திதான் தம்பி.

ஆகவே எங்கள் தெருவுக்காவது மறுபடியும் ஆள் அனுப்பச் சொல். உள்ளதை உள்ளபடி சொல்கிறேன். தெருவாரையும் சொல்ல வைக்கிறேன். உனக்கும் உன் மனைவி மக்களுக்கும் காசிவிசுவநாதரும் உலகம்மையும் குறையாத ஆயுளைத் தரட்டும்.

உன் அக்காள்,
வடிவாம்பாள்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது வாசலில் ஒருவர், வீட்டு விவரம் கேட்க வேண்டும் என்று வந்து நின்றார். சர்க்காருக்குத் தானாகவே புத்தி வந்துவிட்டது என்று நினைத்து உட்காரவைத்தேன். முத்துவடிவைக் கூப்பிட்டு இருமச் சொன்னேன். எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். நம் அப்பாவின் ஆஸ்துமா, உன் மூலவியாதி, எதையும் விடவில்லை. அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நான் வீரகேரளம்புதூர், ஆச்சி. மாப்பிள்ளப் பையனுக்குத் தாய்மாமன்" என்றார். என் உயிர் போய்விட்டது. ஆனால் மனிதர் எழுந்திருக்கவில்லை. படத்தையே பார்த்திருந்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி, "ஊசி எங்கன போட்டிய? எங்க பையனுக்கும் இதே படந்தான். சர்வேக்காரன்ட்ட நாங்களும் ஒண்ணுமில்லைன்னுட்டோம்" என்றார். இருவருக்கும் குணமானதும் கல்யாணம் என்று பேசி முடித்துவிட்டோம். ஆகையால் தயவுசெய்து ஆள் யாரையும் அனுப்பிவிடாதே. எவர் வந்து கேட்டாலும் இரு வீட்டிலும் ஒரு தும்மல்கூடக் கிடையாது என்றுதான் சொல்வோம். கிளினிக்கை மட்டும் உடனே திருப்பி அனுப்பு. இனி இரண்டு பேருக்கு ஊசி வேண்டும்.