நான் இறந்துபோன சனிக்கிழமை

க்ராய்டனிலிருந்து என்னைக் கிளப்ப வேண்டுமானால் நாலு பேர் தோளில் தூக்கித்தான் கிளப்ப வேண்டும். அப்படித்தான் சபதம் செய்திருந்தேன். வாசலில் பஸ். முதல் திருப்பத்தில் மீன் வறுவல் கடை. அடுத்த திருப்பத்தில் என்னைப் பார்த்ததும் கேட்காமலே பியர் ஊற்றும் பார்க்காரர். ரிட்டயரான மனிதனுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

என் மனைவி க்ளெண்டாவுக்கு வேண்டியிருந்தது. ஒரு கல் வீடு, பின்னால் குன்று, சுற்றிலும் ஆடு. கிராமப்புறமான ஷ்ராப்ஷையரில் அப்படி ஒரு வீடு விலைக்கு வந்திருந்தது.

"வாங்கவா சொன்னேன், ரோட்னி? ஒரு சனி ஞாயிறு தங்கிப் பார்ப்போம். ஓய்வா இருக்கும்."

"ஓய்வுன்னா உட்காருறது. நீ மழையில பத்து மைல் நடக்குறதைப் போய் ஓய்வுங்குற."

"நீங்க உட்காருங்க, நான் நடக்குறேன். பிடிக்கலைன்னா ஒரு வார்த்தை பேச மாட்டேன்."

ஒரு வார்த்தை பேச மாட்டாளாம். அப்போதே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் போய்ச் சேர்ந்தோம். ஊரே மூடுபனிக்குள் இருந்தது. வீட்டை விற்கும் மிஸஸ் ப்ரீஸ், வற்றலாகக் காய்ந்த ஒரு விதவை, பக்கத்துச் சின்ன வீட்டிலிருந்து நாயோடு வந்து சாவியைக் கொடுத்தாள். டீ குடிக்கும்போது ஜன்னல் வழியே தோட்டத்தில் மூன்று தேன்பெட்டிகள் தெரிந்தன. சின்னச் சின்னக் கல்லறைகள் மாதிரி.

"தேனீ ஒண்ணையும் காணோமே?" என்றேன்.

"குளிரு சார். வெளிய வராது. ஆனா உள்ள இருந்து கேட்டுக்கிட்டே இருக்கும்."

"என்னத்தைக் கேக்கும்?"

"வீட்டுல நல்லது கெட்டது எதுன்னாலும் அதுங்ககிட்டச் சொல்லணும். எங்க வீட்டுக்காரர் போனப்ப, வாசல் சாவியால மூணு தட்டுத் தட்டி, கறுப்புத் துணி கட்டி, 'எஜமான் போயிட்டார்'னு சொன்னேன். சொல்லலைன்னா பின்னாடியே இன்னொரு சாவு வரும்."

"பொய்யாச் சொன்னா?" என்று சிரித்தேன்.

மிஸஸ் ப்ரீஸ் சிரிக்கவில்லை. "அதுங்க பொய்யை உண்மையாக்கிடும், சார்."

க்ளெண்டா கப்பைக் கீழே வைக்கவும் மறந்து கேட்டுக்கொண்டிருந்தாள். பழம் நழுவிப் பாலில் விழுந்துவிட்டது என்று எனக்குள் குதூகலம். இவளைப் பயமுறுத்திவிட்டால் போதும். ஞாயிறு மதியச் சாப்பாடு க்ராய்டனில்.

மறுநாள் விடிந்ததும், அவள் எழுந்திருக்கும் முன்பே தோட்டத்துக்குப் போனேன். கறுப்புத் துணி கைவசம் இல்லை. என்னிடம் இருந்தது கறுப்பு சாக்ஸ். ஒன்றைத் துணிப்பெட்டியிலிருந்து எடுத்து, நடுத் தேன்பெட்டியில் முடிச்சுப் போட்டேன். நாடகம் முழுமையாக இருக்கட்டும் என்று சாவியால் மூன்று தட்டும் தட்டினேன். "எஜமான் போயிட்டார்" என்று சொல்லி வைத்தேன். உள்ளே சத்தமே இல்லை. அந்த அமைதி எனக்குப் பிடிக்கவில்லை. வேகமாக வந்து படுத்துவிட்டேன்.

அலறலுக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. க்ளெண்டா தோட்டத்துக்குப் போவதை ஜன்னலில் பார்த்தேன். சாக்ஸைத் தொட்டுப் பார்த்தாள். கொஞ்ச நேரம் தலை குனிந்து நின்றாள். உள்ளே வந்து ஒரே ஒரு முட்டையை வேகவைத்தாள். ஒரே ஒரு கப் டீ போட்டாள்.

"எனக்கு?" என்றேன்.

அவள் என்னைத் தாண்டி ஜன்னலைப் பார்த்தாள். கோபத்தில் பேசாமல் இருப்பது எனக்குப் பழக்கம்தான். அதில் பாத்திரச் சத்தம் இருக்கும். இதில் அது இல்லை. ஆளே இல்லாத அறையில் ஒருத்தி தனியாகச் சாப்பிடுவதுபோலச் சாப்பிட்டாள்.

முகச்சவரம் செய்தால் தெம்பு வரும் என்று மாடிக்குப் போனேன். என் பேட்டரி ஷேவிங் மெஷினைக் காணோம். குளியலறைக் கண்ணாடியில் ரசம் உதிர்ந்து, என் முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சாம்பல் திட்டுதான் தெரிந்தது. தாடையைத் தடவினேன். முள்முள்ளாக இருந்தது. செத்தவர்களுக்கும் தாடி வளரும் என்று யாரோ சொன்னது ஞாபகம் வந்தது.

கிள்ளிப் பார்த்தேன். வலித்தது. ஆனால் செத்தவனுக்கு வலிக்காது என்று யார் திரும்பி வந்து சொன்னார்கள்?

வெளியே நடந்தேன். இந்தப் பக்கத்து ஊர்களில் வேலி மரத்துக்குக்கூட குட் மார்னிங் சொல்வார்கள். பனிக்குள்ளிருந்து ஒரு கிழவர் தடியோடு வந்தார். "குட் மார்னிங்" என்றேன். நிற்கவில்லை, தலையாட்டவில்லை. கை நீட்டினால் தொடும் தூரத்தில் என்னைக் கடந்து பனிக்குள் போய்விட்டார்.

ஓட்டமாகத் திரும்பினேன். சமையலறையில் மிஸஸ் ப்ரீஸ் என் நாற்காலியில் உட்கார்ந்து க்ளெண்டாவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"எப்படிம்மா போனார்?"

"தூக்கத்துல. குறட்டை நின்னுச்சு. சரி, புண்ணியமாப் போச்சுன்னு நான் திரும்பிப் படுத்துட்டேன்."

"நல்ல மனுஷனா?"

"வயிறு நிறைஞ்சா நல்ல மனுஷன். எங்க கூப்பிட்டாலும் வர மாட்டார். இப்பப் பாருங்க, கூப்பிடாமலே போயிட்டார்."

"க்ளெண்டா, இங்கதான் இருக்கேன்" என்று மேசையைத் தட்டினேன். இரண்டு பேரும் அசையவில்லை. நாய் மட்டும் நான் நின்ற இடத்தைப் பார்த்து மெல்ல ஊளையிட்டது. நாய்க்கு மட்டும்தான் தெரியும் என்பார்களே, அது.

அதற்கப்புறம் பகல் எப்படிப் போனதென்று சொல்லத் தெரியவில்லை. நான் மூலையில் உட்கார்ந்திருந்தேன். அவள் என் கோட்டை மடித்துத் தானமாகக் கொடுக்க எடுத்து வைத்தாள். பொய்யை உண்மையாக்கிடும் என்று கிழவி சொன்னது காதில் ஓடிக்கொண்டே இருந்தது. நானே தட்டினேன், நானே சொன்னேன். க்ராய்டனை நினைத்து அழவில்லை. அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டும் அவளுக்குக் கேட்காத ஒரு காலம் வரும் என்பதை முதல் முறையாக நினைத்து அழுதேன்.

பொழுது சாயும் நேரத்தில் மிஸஸ் ப்ரீஸ் மறுபடி வந்தாள். அவள் இருக்கிறாளே என்றுகூடப் பார்க்காமல் க்ளெண்டாவின் காலடியில் உட்கார்ந்துவிட்டேன். "க்ளெண்டா, நான் செத்துட்டேனா? ஒரு வார்த்தை பேசு. என்ன கேட்டாலும் செய்யுறேன்."

அவள் காதைச் சாய்த்தாள். "மிஸஸ் ப்ரீஸ், அவர் குரல் கேக்குற மாதிரி இருக்கே?"

"சாவோட வாசல்படியில நிக்கிறார் போல. முழுசாப் போகலை. அவரே போய்த் தட்டி, 'நான் சாகலை, இந்த வீட்டுக்கு எஜமான் நான்தான், இங்கயே இருப்பேன்'னு சொன்னாத் திரும்பிடலாம். ஆனா சொன்னா இருக்கணும். அதுங்ககிட்ட ரெண்டாவது பொய் கூடாது."

"நான் முதல்ல போய், அவர் வர்றார்னு சொல்லி வைக்கிறேன்" என்று க்ளெண்டா பனிக்குள் இறங்கினாள்.

நான் போனபோது அவள் நடுப் பெட்டியின் மூடிமேல் கை வைத்து நின்றாள். காலையில் சத்தமே இல்லாத பெட்டி இப்போது உறுமிக்கொண்டிருந்தது. ஆயிரம் தேனீக்கள் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருப்பதுபோல. சாவியால் மூன்று தட்டுத் தட்டினேன்.

"நான் சாகலை. இந்த வீட்டுக்கு எஜமான் நான்தான்." க்ராய்டன் ஞாபகம் வந்தது. "இங்கயே... இருக்கப் பார்க்குறேன்."

உறுமல் நிற்கவில்லை.

"இங்கயே இருப்பேன்!"

க்ளெண்டா மூடியை லேசாகத் தூக்கி, உள்ளே கை விட்டு ஆறுதலாகத் தடவிக் கொடுத்தாள். சத்தம் சட்டென்று நின்றது.

"அட, ரோட்னி" என்று திரும்பினாள். "காலையிலேர்ந்து எங்க போயிட்டீங்க? டீ ஆறிப்போச்சு."

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். சூடாக இருந்தது. என்னைத் தொடுகிறாளே என்ற சந்தோஷத்தில், மிஸஸ் ப்ரீஸ் எனக்குக் கை கொடுத்து, "வீடு வாங்கினதுக்கு வாழ்த்துகள், சார்" என்றதைக்கூட நான் மறுக்கவில்லை.

க்ராய்டன் வீடு போயிற்று. பஸ் போயிற்று, மீன் வறுவல் போயிற்று. பக்கத்து வீட்டு மிஸஸ் ப்ரீஸ் தன் மகள் வீட்டுக்குப் போய்விட்டாள். பனிக்குள் வந்த கிழவருக்குக் காது சுத்தமாகக் கேட்காது என்று தெரிந்தது. குளிர்காலம் முழுக்க, தேனீக்களுக்குக் கோபம் வரக் கூடாதென்று, தினமும் காலையில் அந்தப் பெட்டிக்குத் தொப்பியைக் கழற்றி வணக்கம் சொன்னேன்.

மே மாதம் வந்தது. ஆப்பிள் மரமெல்லாம் பூ. ஒரு தேனீகூட வெளியே வரவில்லை. ஒருநாள் முகத்துக்கு வலை, கைக்கு உறை எல்லாம் மாட்டிக்கொண்டு, மன்னிப்புக் கேட்டபடி நடுப் பெட்டியின் மூடியைத் திறந்தேன்.

உள்ளே என் கறுப்பு சாக்ஸின் ஜோடி இருந்தது, அதற்குள் என் ஷேவிங் மெஷின்.