சும்மாதானே கிடந்தது

திருடர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. சும்மா கிடந்ததை எடுத்து வருகிறவர்களைத்தான் பார்த்திருக்கிறேன். தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். இந்த இனத்தைச் சட்டென்று அடையாளம் காண முடியாது. ஏனென்றால் இவர் யோக்கியர். பேருந்தில் யாரோ மறந்துவிட்ட குடையை, தன் நிறுத்தத்தில்கூட இறங்காமல் பணிமனை வரை போய் ஒப்படைப்பார். அடுத்த வீட்டுக் கொய்யா தன் பக்கம் விழுந்தாலும் மதிலுக்கு மேலாக நீட்டிவிடுவார். ஆனால், வேலை பார்க்கும் இடத்தில் ஒரு பொருள் சில நாள் அசையாமல் இருந்தால் போதும், மனசு கேட்காது. பாவம், அதை வீட்டுக்குக் கூட்டி வந்துவிடுவார்.

நான் அறிந்தவர்களில் தலைசிறந்தவர் அரசாங்க ஆயுதக் கிடங்கில் பொருள்களுக்குப் பொறுப்பாளர். பக்கவாதத்தில் படுத்துவிட்ட அவருடைய அப்பாவைக் கவனிக்க நர்சாகத் தினமும் அந்த வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். வீடா அது? கிடங்கின் கிளை. சன்னல் திரை கூடாரத் துணி, செருப்பு வைப்பது தோட்டா வந்த மரப்பெட்டி, மகளின் பள்ளிப் பை துப்பாக்கி உறையைப் பிரித்துத் தைத்தது, சமையலறையில் கைபிடித் துணிகூடத் துப்பாக்கிக் குழல் துடைக்க வந்தது. துப்பாக்கி எண்ணெயைக் கீல்களுக்குப் போட்டுப் போட்டு அங்கே ஒரு கதவும் முனகியதில்லை.

"இதெல்லாம் ஆபீசுல குடுத்ததா?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"குடுக்கணுமா என்ன? சும்மாதானே கிடந்தது."

"அரசாங்கத்துப் பொருளாச்சே?"

"அரசாங்கம்னா யாரு, சிஸ்டர்? நீங்களும் நானும்தானே. என் பங்கை நான் எடுத்துக்கிட்டேன். உங்க பங்கு அங்கேயேதான் இருக்கு. யாரும் தொடல."

என் பங்குக்கு ஒரு பீரங்கி வந்தால் எங்கே நிறுத்துவது என்று யோசித்துக்கொண்டே பெரியவருக்குச் சவரம் செய்யப் போனேன்.

கிடங்கு வாசலில் சோதனை கிடையாதா? உண்டு. இயக்குநரின் காரைக்கூடத் திறந்து பார்ப்பார்கள். இவரைக் கண்டால் மட்டும், "இன்னைக்கு என்னண்ணே மாட்டுச்சு?" என்று சிரிப்பார்கள். இவரும் பையைத் திறந்தே காட்டுவார். ஒளித்தால்தானே திருட்டு? காவலர் அறையில் எரிகிற பல்பும் காவலர் உட்காருகிற மெத்தையும் இவர் உள்ளேயிருந்து எடுத்துக் கொடுத்தவை. பழகப் பழக அவர்கள் பையைப் பார்ப்பதை விட்டார்கள். சிரிப்பதை விடவில்லை.

இதற்கிடையே பெரியவர் அனத்தத் தொடங்கியிருந்தார்.

"அடியில ஏதோ குத்துதுடா."

"வயசானா அப்படித்தாம்பா. உடம்பே உடம்பைக் குத்தும்."

படுக்கைப் புண்ணுக்கு ஒரு முறை உண்டு. எலும்பு துருத்தும் இடத்தில்தான் வரும். பெரியவருக்குத் தொடைச் சதையில் வந்திருந்தது. அதுவும் 'ட' வடிவத்தில். எந்த எலும்பு 'ட' வடிவத்தில் இருக்கிறது? அவரை நாற்காலிக்கு மாற்றிவிட்டு, பஞ்சு அமுங்கிப்போன அந்த மெத்தையைத் தூக்கினேன். அடித்தையல் பிரிந்திருந்தது. உள்ளே துணியில் சுற்றிய இரண்டு கைத்துப்பாக்கிகள்.

மகனைக் கூப்பிட்டேன். வந்தார். கூச்சம் இல்லை, பயமும் இல்லை.

"பழசு, சிஸ்டர். உருக்கப்போறோம்னாங்க. மனசு கேக்கல. அப்பாவை யாரு புரட்டப்போறாங்கன்னுதான் இங்க வச்சேன்."

"நான் தினமும் புரட்டுறேனே."

"அப்பாவைப் புரட்டுவீங்க. மெத்தையைப் புரட்டுவீங்கன்னு யாரு கண்டா?"

சொல்லிக்கொண்டே கையை உள்ளே விட்டுத் துழாவியவர் முகம் மாறியது. "மூணு இருக்கணுமே!"

வாசற்படியில் நின்ற மனைவி மெதுவாகச் சொன்னாள்: "நேத்து என் தம்பி வந்து மாமாவுக்குக் கால் அமுக்கிவிட்டான்."

"திருட்டுப் பய! ஒரு வீட்டுக்குள்ள பூந்து, கேக்காம கொள்ளாம எடுத்துட்டுப் போறவன் மனுஷனா? இதுக்கு என்ன பேரு, சிஸ்டர்?"

"தோட்டா இருந்துச்சா?" என்றேன்.

இவருக்குக் குரல் இறங்கிவிட்டது. "அந்த ஒண்ணுலதான். சிக்கிக்கிட்டு வெளிய வரல."

"ஐயோ, அவன் வீட்டுல ரெண்டு வாண்டு இருக்கே!" என்று மனைவி தம்பிக்குப் போன் போட்டாள். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வைத்து, "அத்தானும் இங்கதான் நிக்கிறாரு, துப்பாக்கி எங்கடா?" என்றாள்.

"கோவிச்சுக்காதீங்க அத்தான். மெத்தைக்குள்ள சும்மாதானே துருப்பிடிச்சுட்டு இருந்துச்சு? டிராயர்லதான் வச்சேன்... இருங்க..." நடக்கிற சத்தம். பிறகு, "அக்கா, சின்னவன் கையில இருக்கு. பொம்மைக்கு ஊசி போடுறான்."

போனை நான் வாங்கினேன். "கத்தாதீங்க. பிடுங்காதீங்க. விளையாட்டுன்னு நெனச்சு இறுக்கிப் பிடிப்பான். பக்கவாட்டுல உட்கார்ந்து ரெண்டு பிஸ்கட் நீட்டுங்க. ஒரு கைக்கு ஒண்ணு."

பிஸ்கட் டப்பா திறக்கிற சத்தம் கேட்டது. பெரியவர்கூட அனத்தவில்லை.

"வச்சுட்டான்."

மனைவி யாரையும் கேட்காமல் அடுத்த அழைப்பைப் போலீசுக்குப் போட்டாள்.

ஆய்வாளர் வந்து உட்கார்ந்ததும் நம்மவர் முந்திக்கொண்டார். "சார், என் வீட்டுல களவு போயிடுச்சு. என் மச்சினன்தான்."

"உங்க வீட்டுக்கு அது எப்படி வந்துச்சு?"

"சும்மாதானே கிடந்தது, சார்" என்றார் நம்மவர். கிடங்குக் காவலர்கள் மாதிரி ஆய்வாளர் சிரிக்கவில்லை. அவரையும் மச்சினனையும் ஏற்றிக்கொண்டு வண்டி போயிற்று. புது மெத்தையில் பெரியவரின் புண் ஆறி வருகிறது.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். அப்படியே இந்தப் புத்தகத்தின் முதல் பக்கத்தைத் திருப்பி, அங்கே எந்த நூலகத்தின் முத்திரை இருக்கிறது, எத்தனை வருடமாக உங்கள் வீட்டில் இருக்கிறது என்று பாருங்கள். பயப்படாதீர்கள். இதற்குள் தோட்டா இல்லை. அதனால்தான் இன்னும் யாரும் உங்கள் கதவைத் தட்டவில்லை.