காபிக் கடையில் கூட்டம்

கடையில் மூன்றே பேர் இருந்தார்கள். ஒருத்தி சில்லறை. இன்னொருவர் தூங்கிக்கொண்டிருந்தார்.

சில்லறை அவளுடைய சொந்தப் பெயர் அல்ல. பல்கலைக்கழகத்தின் முதலீட்டுக் குழுவில் யார் எந்தத் துறையைக் கவனிக்கிறார்களோ அதுவே அவர்களுக்குப் பெயர். வங்கி, மருந்து, மின்சாரம் என்று கூட்டாளிகள். சில்லறை வணிகம் இவள் பொறுப்பு. பழைய மாணவர்கள் கொடுத்த நிஜப் பணத்தை இவர்கள்தான் பங்குகளில் போடுகிறார்கள். வரும் லாபத்தில் வசதியில்லாத பிள்ளைகளுக்குக் கட்டணம் கட்டப்படும். இந்த முறை விண்ணப்பித்திருந்தவர்களில் அவள் தங்கையும் ஒருத்தி.

"அக்கா, என் ஃபீஸைக் காபியில கரைச்சிடாத" என்று காலையில்தான் சொல்லியிருந்தாள்.

ஊர் ஊராகக் கிளை வைத்திருக்கும் அந்தக் காபிக் கடைக் கம்பெனியின் பங்கை வாங்கச் சொன்னது சில்லறைதான். வாங்கிய நாளிலிருந்து விலை சறுக்கிக்கொண்டே வந்தது. வைத்திருப்பதா, விற்பதா என்று வெள்ளிக்கிழமை பேராசிரியர் கேட்பார். கம்பெனி கணக்கு வெளியிட இன்னும் இரண்டு மாதம் இருந்தது. அதுவரை வியாபாரத்தை நாடி பிடித்துப் பார்க்க ஒரே வழி, கடையில் உட்கார்ந்து ஆட்களை எண்ணுவது.

இரண்டு முறை எண்ணியும் மூன்றே பேர். வங்கியைப் போனில் பிடித்தாள்.

"டேய், கடை ஈயோட்டுது. யார்கிட்டயும் சொல்லாத."

"சொல்லல. ஆனா நீ வாங்கச் சொன்னதை நீயே சோதிச்சா செல்லாது. உனக்கு முகம் தெரியாத யாராவது பாக்கணும். நம்ம குழு விதி அதான்."

"விதியைப் பத்தி நான் கேக்கல. ஆறுதலா ரெண்டு வார்த்தை கேட்டேன்."

"அதுக்கு மருந்துகிட்ட பேசு."

மருந்திடம் பேசினாள். மனம் ஆறாமல் மின்சாரத்திடமும் பேசினாள். எல்லோரும் "பாத்துக்கலாம், விடு" என்றார்கள்.

மறுநாள் கடையில் பத்துப் பேர். ஆளுக்கொரு லேப்டாப், ஒரே ஒரு காபி. யாருக்காகவோ காத்திருப்பவர்கள்போல வாசலையே பார்த்தார்கள்.

அவளுக்கு அதுவும் பயமாகிவிட்டது. மீண்டும் மருந்தை அழைத்தாள்.

"கூட்டம்டீ. நிஜந்தானா, இல்ல என் ஆசையா?"

"பாத்துக்கலாம், விடு" என்றாள் மருந்து.

வங்கியும் மின்சாரமும் அதையே சொன்னார்கள். வியாழக்கிழமை உட்கார இடமில்லை.

வெள்ளிக்கிழமை பேராசிரியர் கேட்டபோது சில்லறை எழுந்து நின்றாள். "விக்க வேண்டாம் சார். இன்னும் ஒரு மடங்கு வாங்கலாம்."

மூன்றில் இரண்டு பங்கு கைகள் உயர்ந்தால்தான் தீர்மானம் நிறைவேறும். அன்று எல்லாக் கைகளும் உயர்ந்தன. தங்களுக்குக் கிடைத்த தகவலும் அதேதான் என்று மூன்று துறைகளும் சொல்லின. பேராசிரியர் ஒப்புதல் கொடுத்தார். பங்குகள் வாங்கப்பட்டன.

ஒரு வாரத்தில் முதல்முறையாக அவளுக்குப் பசித்தது. வாடிக்கையாளராகவே ஒரு காபி குடிக்கலாம் என்று கடைக்குப் போனாள். அவள் தோளில் தொங்கிய லேப்டாப் பையைக் கல்லாக்காரர் பார்த்தார்.

"எண்ணத்தானேம்மா வந்தீங்க? காபி குடிக்க வர்றவங்க இடமில்லாம திரும்பிப் போறாங்கன்னு, எண்ணுறவங்களுக்கு அந்தப் பக்கம் தனியா மேஜை போட்டிருக்கோம்."